வரைபடம் முடியாமல் டெண்டர் விடலாமா?

நம் கல்லூரி நூலகத்துக்கு மேல் ஒரு மாடி கட்டித் தருவதென்று சென்ற கூட்டத்தில் முடிவு செய்தோம். பகிரங்க டெண்டர் விடுவதா, நாலு பேரிடம் மட்டும் விலை கேட்பதா, ஒருவரையே கூப்பிட்டுப் பேசி முடிப்பதா? அன்று ஒரே வாக்குவாதம். "நீதான் சிவில் படிச்சவனாச்சே, மலருக்கு எழுதிக் கொடுப்பா" என்றார்கள். எனக்கு சிட்னி ஆபரா ஹவுஸ் ஞாபகம் வந்தது.

1957-ல் முடிவு வெளியான போட்டியில் வென்றது டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் வடிவம். நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் ஜோ கேஹிலுக்கு ஒரு பயம்: தாமதித்தால் திட்டமே நின்று போகுமோ என்று. கூரையை எப்படிக் கட்டுவதென்றே முடிவாகாத நிலையில், அடித்தளத்துக்கு மட்டும் டெண்டர் விட்டு, 1959 மார்ச்சில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். வரைபடம் மாற மாற வேலையும் மாறியது. கான்ட்ராக்டர் கூடுதல் பணம் கேட்டார். கேட்காமல் என்ன செய்வார்? 1961 ஜனவரியில் வேலை 47 வாரம் பின்தங்கியிருந்தது. கூரையின் பாரத்தைத் தாங்காது என்று, கட்டிய தூண்களையே இடித்துக் கட்டினார்கள்.

கூரைக்கு முறையை மாற்றினார்கள். அப்படி ஒன்றை அதுவரை யாரும் கட்டியதில்லை. விலை எப்படிப் போடுவது? ஹார்னிபுரூக் கம்பெனியுடன் பேசி, ஆகிற செலவும் அதற்கு மேல் கட்டணமும் என்று ஒப்பந்தம் செய்தார்கள். ஓவ் அரப் நிறுவனப் பொறியாளர்களும் கட்டுபவர்களும் கலந்து வேலை செய்ததில் கூரை எழும்பியது. ஆனால் செலவுக்குக் கடிவாளம் இல்லை. 1966-ல் உட்சன் விலகினார். 1973 அக்டோபரில் திறப்பு விழா நடந்தது. 70 லட்சம் டாலர் என்ற மதிப்பீடு 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது.

நானும் பட்டவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாதி வரைபடத்தை வைத்து டெண்டர் விட்டோம். குறைந்த விலை போட்டவருக்கே கொடுத்தோம். அஸ்திவாரம் மாறியது, தகராறு வந்தது, கட்டடம் இரண்டு வருஷம் லிண்டல் மட்டத்தில் வெயில் காய்ந்தது.

நம்முடையது சாதாரண மாடி. பேசி முடிக்க வேண்டிய அதிசய வேலை இல்லை. முதலில் முழு வரைபடமும் அளவுப் பட்டியலும் தயாராகட்டும். பிறகு நல்ல வேலை செய்து காட்டிய ஐந்தாறு பேரிடம் விலை கேட்டு, எல்லார் முன்னிலையிலும் உறையைப் பிரிப்போம். ஆறு மாதம் தள்ளிப்போனால் ஒன்றும் குடி முழுகாது. நாம் போடப்போவது நம் பணம் மட்டுமல்ல, பென்ஷன்காரர்கள் மனமுவந்து தந்த காசும்தான்.