கண்டெடுக்கப்பட்ட குழந்தைகள் (ஜொகூர், மலேசியா)

பெற்றோர் யாரென அறியாத பிள்ளைகளின் குடியுரிமை ஜொகூரிலும் கூட்டரசுச் சட்டப்படியே முடிவாகிறது. கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தை, கண்டெடுத்த இடத்திலேயே அங்கு நிரந்தரமாக வசிக்கும் தாய்க்குப் பிறந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, 19பி பிரிவு. கருணை மிக்க விதி இது. 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

வளர்ப்புப் பிள்ளைகளின் நிலை வேறு. மலாயாவில் தமிழ்க் குடும்பங்கள் பல, சீனப் பெண்குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தன. அப்பெண்கள் தமிழ் பேசி, பொட்டிட்டு, தமிழச்சிகளாகவே வாழ்ந்தனர். ஆனால் 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் குடியுரிமை தருவதில்லை. அதனால் இன்றும், பெற்ற தாயின் விவரமில்லாத வளர்ப்பு மகள் அடையாள அட்டைக்கு அலைய நேர்கிறது. அரசுப் பள்ளி, மருத்துவமனை, திருமணப் பதிவு எங்கும் அந்த அட்டையே கேட்கப்படுகிறது. கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கான விதியோ நிலைத்துள்ளது: 19பி பிரிவை மாற்றும் முன்மொழிவை அரசு 2024 மார்ச்சில் கைவிட்டது.