மணி கோத்த கைகள்

காதணி என்றவுடன் நம் நினைவில் எழுவன பொன்னும் வைரமுமே. தோடு, குழை, கடுக்கன், ஜிமிக்கி என நம் மொழி காதணிகளுக்கு வழங்கியுள்ள பெயர்கள் பல. ஆயினும், பொற்கொல்லரின் பட்டறையை நாடாமல், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஊசியும் நூலும் கொண்டு மகளிர் தாமே செய்துகொள்ளும் மணிக் காதணியை வரலாறு எழுதுவோர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. விலை குறைந்த பொருளுக்கு வரலாறும் குறைவு என்று எண்ணிவிட்டோம் போலும். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் அக்காதணி உருவாகும் முறையை நோக்குவோம். வேண்டுவன மூன்றே: கடுகளவான கண்ணாடி மணிகள், ஒரு மணியின் துளையில் இருமுறை மும்முறை நுழையத்தக்க மெல்லிய ஊசி, மெழுகு தேய்த்த நூல். அடி வரிசையில் மணிகளை ஒன்றையொன்று ஒட்டி நிற்குமாறு பிணைப்பர். அடுத்த வரிசையில் அமையும் ஒவ்வொரு மணியும், முந்திய வரிசையின் இரு மணிகளுக்கு இடையே ஓடும் நூலைப் பற்றிக்கொண்டு நிற்கும். செங்கற்சுவர் எழுவது போன்றதே இது. வரிசைக்கு ஒரு மணி குறைந்துவர, முக்கோணம் ஒன்று உருப்பெறும். அதன் உச்சியில் கொக்கியை மாட்டுவர். அடி வரிசையிலிருந்து சரங்களைத் தொங்கவிடுவர். சரத்தின் கடைசி மணியைச் சுற்றிக்கொண்டு ஊசி வந்த வழியே மீண்டும் மேலேறும். அந்த ஒரு மணியே சரம் முழுவதும் நழுவாமல் காக்கிறது. இத்தனை வேலையும் முடிந்தபின் பார்த்தால் நூல் கண்ணுக்குத் தெரிவதில்லை. நூல் தெரியாதிருத்தலே இக்கைவினையின் நேர்த்தி.

வரலாற்றிலும் நூல் அவ்வாறே மறைந்துபோயிற்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு நடத்தினர். அங்கே கண்ணாடியை உருக்கி, நீண்ட குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி மணி செய்தனர் என்பதை இன்று அறிவோம். இவ்வகை மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டவர் மணி ஆராய்ச்சியாளர் பீட்டர் பிரான்சிஸ். தென்கிழக்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இவ்வகை மணிகள் கிடைத்துள்ளன. ஆனால் அவற்றைக் கோத்த பருத்தி நூல் நம் ஈரமண்ணில் மக்கிவிட்டது. நூல் போனவுடன், எந்த நிறத்தை அடுத்து எந்த நிறம் நின்றது என்ற ஒழுங்கும் போயிற்று. மணி கிடைத்தது, கோத்தவள் கிடைக்கவில்லை.

நூலோடு சேர்ந்தே எஞ்சிய மணிவேலையைக் காணவேண்டின் மேற்கே குசராத்து மாநிலத்தின் காத்தியவார் பகுதிக்குச் செல்லவேண்டும். அங்கு 19ஆம் நூற்றாண்டில் தழைத்த இக்கலைக்கு ‘மோதி பரத்’ என்று பெயர். எனினும் அதற்கு வேண்டிய மணிகள் அம்மண்ணில் செய்யப்பட்டவை அல்ல. கடல் கடந்து இத்தாலி நாட்டின் வெனிசு நகரிலிருந்து வந்தவை. ஆகவே அங்கிருந்தே கதையைத் தொடங்குவோம்.

வெனிசு நகரின் கண்ணாடி உலைகள் தீவிபத்துக்கு அஞ்சி 1291இல் மூரானோத் தீவுக்கு மாற்றப்பட்டன. அத்தீவின் பெயர் உலகறிந்தது. மணிகளைச் சந்தைக்கேற்றவாறு சரமாகக் கோத்துக் கொடுத்த ஏழைப் பெண்களை அறிந்தவர் சிலரே. ‘இம்பிராரெஸ்ஸே’ என்று அழைக்கப்பட்ட அவர்கள், தத்தம் வீட்டு வாயிலில் அமர்ந்து, நீண்ட ஊசிகள் பலவற்றை விசிறிபோல் ஒரு கையில் விரித்துப் பிடித்து, மரத்தட்டில் குவிந்த மணிகளுக்குள் அமிழ்த்தி எடுப்பர். ஒவ்வொரு முறையும் ஊசிதோறும் மணிகள் ஏறிக்கொள்ளும். நாள் முழுவதும் கோத்தாலும் கிடைத்த கூலி சிறிது. அக்கூலியிலும் இடைநின்றோர் பங்கு கொண்டனர். பொறுத்துப் பார்த்த அம்மகளிர் 1904இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

அவர்கள் கோத்த சரங்கள் கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றன. அங்கே மணியைக் கொடுத்து யானைத் தந்தம் வாங்கினர். சான்சிபார் முதலிய துறைகளில் வணிகம் செய்த குசராத்தி வணிகர்கள் அம்மணிகளைத் தம் ஊர்களுக்கும் கொண்டுவந்தனர். காத்தியவார் மகளிர் அச்சரங்களை அவிழ்த்துத் தம் ஊசியில் மீண்டும் கோத்தனர். மும்மூன்று மணிகளாகப் பிணைத்துத் துணியைப்போல் பின்னுவது அவர்கள் முறை. வெண்மணிப் பரப்பில் யானையும் மயிலும் கிளியும் கண்ணனும் பிள்ளையாரும் வண்ணமணிகளால் எழுந்தனர். வாயில்தோரணம், சுவரில் தொங்கும் சதுரத் திரை, குடம் சுமக்கும் சும்மாடு, எருதின் அணி, மணவிழாத் தேங்காயின் உறை என எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மணமகளின் சீர்வரிசையில் இவை சிறப்பிடம் பெற்றன.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். ஒரு மணியின் பயணம் ஒரு பெண்ணின் ஊசியில் தொடங்கி, இன்னொரு பெண்ணின் ஊசியில் முடிந்தது. முன்னவள் கூலிக்குக் கோத்தாள். பின்னவள் மகளுக்காகக் கோத்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டவரல்லர். இடையில் நின்ற உலையும் கப்பலும் கடையும் கணக்கேடுகளில் இடம்பெற்றன. அருங்காட்சியகங்களில் காத்தியவார் மணித்திரைகளின் கீழ் ஊரும் நூற்றாண்டும் எழுதப்பட்டிருக்கும்; செய்தவளின் பெயர் பெரும்பாலும் இராது. கூலி பெறாத வேலைக்கு இரசீது இல்லை. இரசீது இல்லாத வேலைக்கு வரலாறும் இல்லை என்றாயிற்று.

இந்நிலை பழங்காலத்தோடு முடிந்ததன்று. தமிழகத்தின் கோயில் திருவிழாக்களிலும் பேருந்து நிலையங்களிலும் ‘ஊசிமணி, பாசிமணி’ என்று கூவி விற்கும் நரிக்குறவ மகளிரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி குசராத்தி மொழிக்கு உறவுடையது. அவர்கள் 2023இல்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்களிடம் மணி வாங்கும்போது நாம் விலையைக் குறைத்துக் கேட்கிறோம். இதைக் கோத்தவர் யார், எவரிடம் கற்றார் என்று கேட்பதில்லை.

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவானது. நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் அப்பெயருக்குக் காரணம் கூறுமிடத்து, பஞ்சிலிருந்து இழை நூற்கும் பெண்ணைப் புலவனுக்கு ஒப்பிட்டார். நூற்றவளை உவமையாகக் கொண்ட நாம், அவளைப் பற்றி ஒரு நூல் எழுத மறந்துவிட்டோம். இக்குறையைத் தீர்க்கப் பெரும்பொருள் வேண்டா. சங்கத்து அன்பர்கள் தத்தம் இல்லத்துப் பழம்பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். பாட்டி கோத்த மணிக் காதணியோ, அத்தை பின்னிய மணிப்பையோ அதனுள் இருக்கக்கூடும். நூல் இற்றுப்போகுமுன் அவ்வொழுங்கைப் படமாக எடுத்துவைக்கட்டும். பெயர், ஊர், செய்த ஆண்டு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி உடன் வைக்கட்டும். மணி தானே நிலைத்திருக்கும். கோத்த கையை நிலைக்கச் செய்வது நம் கடன்.