தோலுக்கும் வருணமா?

திருத்தணிப் பள்ளி ஒன்றிலே ஆறாம் வகுப்புச் சிறார்க்குத் தோற்பாவை செய்யக் கற்பிக்க முனைந்தோம். ஆட்டுத்தோலை மேசைமேல் விரித்த மறுநாளே ஒரு தந்தையார் வந்து நின்றார். "வாத்தியாரே, எங்கள் வீட்டுப் பிள்ளை தோலைத் தொடுவதா?" என்றார். "மலைமேல் முழங்கும் தவிலுக்குப் போர்த்தியிருப்பது எது ஐயா?" என்று கேட்டோம். விடை வரவில்லை, பிள்ளையும் இரண்டு நாள் வரவில்லை.

தோழர்களே, இந்தத் தீட்டு இக்கலையோடு கூடவே வளர்ந்தது.

கயிற்றில் ஆடும் மரப்பாவையை வள்ளுவரே உவமையாக எடுத்தாண்டார். தோற்பாவையையோ தமிழகத்தில் ஆட்டிவந்தோர் பெரும்பாலும் மண்டிகர். தஞ்சை மராத்தியர் ஆட்சியையொட்டி வந்தோர் என்பர். வீட்டிலே மராத்தி, திரையிலே தமிழ்! வடக்கே அதே கலை தெலுங்கு பேசிற்று. தோலு பொம்மலாட்டம் என்று பெயர். சித்தூர் மாவட்டத்தில் இருந்து 1960 ஏப்ரல் 1இல் தமிழகத்தோடு இணைந்த நம் திருத்தணிக்கு இரு மொழியும் செவிக்குப் பழக்கம்.

தோலை வெந்நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஒளி ஊடுருவும் வரை சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்துவர். உருவம் வரைந்து உளியால் துளையிடுவர். அத்துளை வழியே கசியும் விளக்கொளிதான் திரையில் முத்தாகவும் மணியாகவும் மின்னுவது! கழுத்தும் கையும் தனித்தனியே வெட்டி நூலால் பிணைக்கப்படும். ஆந்திரப் பாவைகள் ஏறத்தாழ ஆளுயரம்.

அங்கே பழைய மரபொன்று உண்டு. தேவர்க்கும் காவியத் தலைவர்க்கும் இரலைமான் தோல்; வீமனுக்கும் இராவணனுக்கும் புள்ளிமான் தோல்; ஏனையோர்க்கு வெள்ளாட்டுத் தோல். மான்தோல் முரட்டு ஆட்டத்தைத் தாங்கும் என்று காரணம் சொல்வர், இருக்கட்டும். செத்த விலங்கிலும் மேல் கீழ் கண்ட மூளையை என்னென்பது? திரையிலே தோல் இராமனைக் கண்டு கைகூப்பினர். அத்தோலைப் பதமாக்கிய கைக்கோ ஊர்ப்புறத்தே கூடாரம்! மழை பொய்த்தால் மட்டும், 'ஆடுங்கள், வானம் பொழியும்' என்று அழைப்பு!

கேரளத்திலோ இக்கலை கோயிலுக்குள்ளேயே இருந்தது. பத்திரகாளி கோயில் கூத்துமாடங்களில் கம்பராமாயணம் பாடி இரவெல்லாம் ஆட்டுவர். காண ஒருவரும் இல்லையெனினும் ஆட்டம் நில்லாது; தேவி பார்க்கிறாளாம்! திரைக்குப் பின்னே பெண்ணுக்கு இடமில்லை. 2021இல்தான் இராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா, பெண்களே நடத்தும் பாவைக்கூத்தை அரங்கேற்றினார்.

நம் வகுப்பில் சிறுமியரே உளி பிடித்தனர். மூன்றாம் நாள் திரும்பிய அந்தப் பையனும் சேர்ந்தான். கதை எழுதியவர்கள் பிள்ளைகள். தமிழ்க் கூத்தின் கோமாளி உச்சிக்குடும்பனும், தெலுங்குக் கூத்தின் கோமாளி கேத்திகாடும் எல்லையிலே சந்திக்கின்றனர். "நீ மானா, ஆடா?" என்கிறான் உச்சிக்குடும்பன். "விளக்கை அணை, சொல்கிறேன்" என்று தெலுங்கில் விடை வருகிறது. குரல் அந்தப் பையனுடையது.

முன்வரிசையில் தந்தையார் அமர்ந்திருந்தார். சிரித்தாரா என்று நாம் காணவில்லை. திரைக்குப் பின்னே விளக்கைப் பிடித்திருந்தோம்.