காரைக்காலில் புரோக்கர் இல்லாமல் வீடு விற்கலாமா? அட்வான்ஸ் வாங்கும் முன் கவனிங்க!

சொந்த வீட்டை விற்க புரோக்கர் தேவையில்லை, பத்திரப்பதிவுதான் கட்டாயம்.

ஆவணங்கள்: காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு இருந்தாலும், ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் புதுச்சேரி அரசிடம்தான் வாங்கணும். தாய்ப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் முன்பே மொழிபெயர்த்து வைப்பது நல்லது.

அட்வான்ஸ்: இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அதுவும் விற்பவருக்குத்தான்! செக் அல்லது வங்கிப் பரிமாற்றமே பாதுகாப்பு.

வரிப் பிடித்தம்: விலை ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1% பிடித்துக்கொண்டே பணம் தருவார். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் கூடும்.

கையெழுத்து: பாக்கிப் பணம் டிடியாகவோ கணக்கிலோ வந்துவிட்டதா? பார்த்த பிறகே பத்திரத்தில் கையெழுத்துப் போடணும்.