அழுகை ஓயும் இடைவெளி: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமும் குழந்தைகளின் குடல் செருகல் சிகிச்சை வரலாறும்

முன்னுரை

சட்டையின் கை உள்மடிந்து கொள்வது போல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து சிக்கிக்கொள்வது குடல் செருகல் எனப்படும். பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாக்கும் இந்நோயை, ஆசனவாய் வழியே நீரையோ காற்றையோ செலுத்தி அறுவையின்றி விடுவிக்கலாம். அம்முயற்சியின் வெற்றியை முடிவு செய்யும் காரணிகளுள் முதன்மையானது காலம். மானாவாரிச் சீமையாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அக்காலம் எவ்வாறு கழிகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிகிச்சையும் காரணிகளும்

இலண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் 1871இல் இரண்டு வயதுச் சிறுமிக்கு அறுவை செய்து இந்நோயை வென்றார். 1876இல் கோபன்ஹேகனில் ஹரால்டு ஹிர்ஷ்பிரங் நீரழுத்த எனிமாவால் பெற்ற பயனை வெளியிட்டார். 1905இல் அவர் தொகுத்த 107 நோயாளருள் இறந்தோர் 35 விழுக்காட்டினர். அக்கால நிலையில் இதுவே பெரும் முன்னேற்றம். 1948இல் ராவிச்சும் மக்யூனும் பேரியம் எனிமாவை நிலைநாட்டினர். 1986இல் சீன மருத்துவர்கள் 13 ஆண்டுகளில் காற்றழுத்த எனிமா அளித்த 6,396 நோயாளரின் விவரத்தை வெளியிட்டனர். இன்று கதிர்வீச்சின்றி, அல்ட்ராசவுண்ட் துணையுடன் உப்புநீர் செலுத்தும் முறையும் பரவியுள்ளது.

நோய் தொடங்கி 24 மணி நேரம் கடந்தால் வெற்றி வாய்ப்பு குறைகிறது. 48 மணி நேரம் கடந்தால் மேலும் குறைகிறது. மலத்தில் இரத்தம், நீரிழப்பு, மிகச் சிறிய வயது, செருகல் மலக்குடல் வரை இறங்கியிருத்தல் ஆகியனவும் பாதகமானவை. குடலில் துளை விழுந்திருந்தாலோ வயிற்று உறையில் அழற்சி பரவியிருந்தாலோ எனிமாவுக்கே இடமில்லை. இவற்றைத் தனித்தனிக் காரணிகளாக எண்ணுவது மருத்துவ நூல்களின் வழக்கம். எனினும் இரத்தப் போக்கு, நீரிழப்பு, துளை ஆகியன பெரும்பாலும் காலத்தாழ்வின் விளைவுகளே என்பது நோக்கத்தக்கது.

குடலேற்றம்

தென் மாவட்டங்களில் கைக்குழந்தை வீறிட்டு அழுதால் ‘குடலேற்றம்’ என்றும் ‘உரம் விழுந்துவிட்டது’ என்றும் முதியோர் கூறுவர். எண்ணெய் தடவி வயிற்றை நீவுதல், சேலையிலோ சொளகிலோ கிடத்தி உருட்டுதல், ‘தொக்கம்’ எடுத்தல் ஆகியன வழக்கமான கைவைத்தியங்கள். இவற்றை அறியாமை என ஒதுக்குவது ஆய்வாளர்க்கு எளிது, சரியன்று. குடல் இடம் பெயர்ந்துள்ளது, அதனை மீண்டும் பழைய இடத்திற்குக் கொண்டுவரலாம் என்னும் கருத்து ‘குடலேற்றம்’ என்ற சொல்லிலேயே உள்ளது. ஹிர்ஷ்பிரங்கின் சிகிச்சையும் இதே வகைக் கருத்தின் மேல் நின்றதுதான்.

இடர் வேறொரு வகையில் நேர்கிறது. குடல் செருகலில் வலி விட்டு விட்டு வரும். குழந்தை கால்களை வயிற்றோடு மடக்கி அலறும். சில நிமிடங்களில் ஓய்ந்து சோர்ந்து உறங்கும். நீவிய கை எடுக்கப்படும் வேளையும் அழுகை ஓயும் வேளையும் ஒன்றாக அமையும்போது வைத்தியம் பலித்ததாகத் தோன்றுகிறது. சாதாரண வயிற்றுப் பொருமலால் அழுத குழந்தைகள் பலர் நீவிய பின் தேறியதைக் கண்ட பாட்டிக்கு ஐயம் எழ வழியில்லை. பச்சை வாந்தியும் செந்நிறக் கூழ் போன்ற மலமும் தோன்றும் வரை மணிகள் கழிகின்றன.

தொலைவு

1985இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவ்வட்டாரம் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அமைந்தது. ஆயினும் பெருநோய்க்கு மதுரையே கதி. முன்னர் எர்ஸ்கின் என்று பெயர் பெற்றிருந்த அரசு இராசாசி மருத்துவமனை அருப்புக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திருச்சுழிக்கு அப்பால் கண்மாய்க் கரை ஊர்களிலிருந்து வருவோர்க்கு அத்தொலைவு இன்னும் மிகுதி. 2008இல் 108 ஊர்திச் சேவை தொடங்கியதும், 2022 சனவரி 12இல் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் இவ்வரலாற்றின் திருப்பங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் ஏறத்தாழ 20 கிலோமீட்டரே.

இடையில் இந்நோய் தடுப்பூசி வழியாகவும் கவனம் பெற்றது. அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு என்னும் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து குடல் செருகலோடு தொடர்புபட்டு 1999இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. தமிழகத்தில் 2017இல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து வழங்கத் தொடங்கினர். இந்தியாவின் 27 மருத்துவமனைகளில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, ரோட்டாவேக் மருந்தால் இந்நோய் மிகுந்ததாகக் காணவில்லை. இவ்வாய்வுகள் மருந்தளித்த நாளைக் கணக்கிட்டன. அழுகை தொடங்கிய மணியையும் குழந்தை முதலில் யாரிடம் கொண்டு செல்லப்பட்டது என்பதையும் இவ்வட்டாரத் தாய்மாரிடமும் குடல் நீவும் மூதாட்டியரிடமும் கேட்டுப் பதிவு செய்வது களஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணி.