தேரிக்காட்டில் ஒரு பகல்

மஸ்கட்டில் இருப்பவனுக்கு வெயிலும் மணலும் புதிதல்ல. அப்படிப்பட்டவன் லீவில் ஊருக்குப் போய் அங்கேயும் ஒரு பாலைவனத்தைத் தேடி நடந்தான் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள் :-)

எங்கள் ஊர் கொல்லயில், பாறசாலைக்குப் பக்கம். 1956 நவம்பர் 1இல் எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்த நாங்கள் கேரளத்தில் நின்றோம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். "நாம எங்கேருந்து வந்தோம்?" என்று கேட்டால் பாட்டிக்கு ஒரே பதில்தான்: "தாது வருசப் பஞ்சத்துல தேரியில இருந்து நடந்து வந்தோம் மக்கா." தாது வருஷம் என்றால் 1876. மதராஸ் மாகாணத்தையே உலுக்கிய பஞ்சம் அது. பாட்டி சொன்னதற்கு ஆதாரமாக எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. பரணில் துருப்பிடித்த பாளை அருவாள் ஒன்று மட்டும் கிடக்கிறது.

போன ஜூனில் மகளோடு கிளம்பினேன். கொல்லயிலில் அடைமழை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் மழை நின்றது, காற்றாலைகள் சுற்றின, வெயில் கண்ணைக் குத்தியது. மழையைத் தன் பக்கமே இறக்கிவிட்டு வெறுங்காற்றை மட்டும் கிழக்கே அனுப்புகிறது மலை. அந்தக் காற்று குவித்த மணல்தான் தேரி.

திருச்செந்தூர் பக்கம் தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு, காலை ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்கினோம். மணல் ரத்தச் சிவப்பு. மணியைப் போர்த்தியிருக்கும் இரும்புத் துருதான் அந்த நிறம். உடைமரம், கொல்லாமரம், பனை. ஓரடி வைத்தால் அரையடி பின்னால் இழுக்கிறது. நம் காலடித் தடத்தைக் கால் மணி நேரத்தில் காற்று அழித்துவிடுகிறது.

இங்கே மனிதர்கள் நேற்று வந்தவர்களல்ல. தேரிகளில் கிடைத்த சிறுசிறு கல் கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற இரு ஆய்வாளர்கள் 1956இல் கட்டுரை எழுதினார்கள். எங்களுக்கு எல்லை போட்ட அதே வருஷம்! 1841இல் சென்னையிலிருந்து நடந்தே வந்த கால்டுவெல், தேரி நாட்டு இடையன்குடியில்தான் ஐம்பது வருஷம் போல வாழ்ந்தார். 1856இல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் உலகப் புகழ் பெற்றது. பனையேறிகளின் நடைக்கு யார் புத்தகம் போட்டார்கள்?

பதினொன்றரைக்கு என் முட்டாள்தனம் வெளிப்பட்டது. இரண்டு பாட்டில் தண்ணீர்தான் கொண்டுபோயிருந்தேன், இரண்டும் காலி. மகள் உடைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்து, பேச்சு குழறியது. வங்கியில் எத்தனையோ பேருடைய ரிஸ்கைக் கணக்குப் போட்டவன், பெற்ற பிள்ளைக்குத் தண்ணீர்க் கணக்குப் போடவில்லை.

நல்லவேளை, பனைகளுக்கு நடுவில் ஒரு குடிசை தெரிந்தது. மகளைத் தாங்கிப் பிடித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். வாசலில் நின்ற பெரியவர் அவளை நிழலில் படுக்க வைத்து, தலையை நனைத்து, முதலில் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் தெளிந்ததும் பனையோலைப் பட்டையில் பதனீர் ஊற்றினார். "இந்நேரம் யாரும் தேரியில நடப்பாங்களா? நாங்க விடியுமுன்ன ஏறுவோம், அப்புறம் வெயில் தாழத்தான்" என்று என்னைத் திட்டினார். ஓமானில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பனையேறிகளுக்கு அது சட்டம் போடாமலே தெரிந்திருக்கிறது.

மகள் ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்பா, இது அக்கானிதானே?" என்றாள். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "நாங்க பயினிம்போம். அக்கானின்னா நீங்க மலையாளத்துப் பக்கமா?" பாட்டியின் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவேயில்லை. "போனவங்க நிறையப் பேரு. திரும்பி வந்து கேக்கறவங்கதான் குறைவு" என்றார்.

வெயில் தாழ்ந்த பிறகு அவரே வழிகாட்டிக் கொண்டுவந்து விட்டார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

ஆபீஸில் நான் தினம் பார்க்கும் விண்ணப்பங்களில் 'நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம் உண்டு. நானும் கொல்லயில் என்றுதான் எழுதுகிறேன், இனியும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் நாடு விட்டு வந்த முதல் ஆள் நான்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, அது தப்பு. எனக்கு விமானம் கிடைத்தது. அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, இந்த மணலைத் தாண்டி நடந்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு வையுங்கள். போகிறவர்கள் தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள்.