மழித்த தலையும் மழிக்கப்பட்ட தலையும்

திருச்சி கே.கே. நகரிலிருந்து வடக்கே புறப்பட்டுக் காவிரியைக் கடந்தால் திருவரங்கம். கொள்ளிடத்தையும் கடந்தால் சமயபுரம். பெண்ணின் தலைமுடியைப் பற்றி நம் சமுதாயம் கொண்டிருந்த எண்ணங்களை அறிய இதற்கு மேல் நெடும்பயணம் தேவையில்லை.

சமயபுரத்தில் வேண்டுதல் நிறைவேறிய பெண்கள் முடியிறக்குகின்றனர். வேளாங்கண்ணியில் நம்மவரும் அதையே செய்கின்றனர். அழகு போயிற்றே என்று எவரும் அங்கே இரங்குவதில்லை. ஆனால் நூறாண்டுகளுக்கு முன், அந்தண இல்லங்கள் பலவற்றில் அதே கத்தி வேறொரு மொழி பேசியது. கணவனை இழந்தவளின் தலை மழிக்கப்பட்டது; வளர வளர மீண்டும் மழிக்கப்பட்டது. கைம்பெண்ணின் கட்டிய கூந்தல் மறுமையில் கணவனைக் கட்டிவிடும் என்று காசி காண்டம் காரணம் கூறியது. முதியவளுக்கு மட்டுமன்று, கணவன் முகமே அறியாத சிறுமிக்கும் இவ்விதி இருந்தது. பின்னர் அந்த மொட்டைத் தலையே தீய சகுனமும் ஆயிற்று. தலையை மழித்தவர்களே அதைக் காண அஞ்சினர்!

இவ்விடத்தில் திருவரங்கம் நமக்கு ஓர் அரிய உண்மையைக் காட்டுகிறது. வைணவருள் வடகலையார் கைம்பெண்களின் தலையை மழித்தனர்; தென்கலையார் மழிப்பதில்லை. ஒரே அரங்கனை வணங்கியோர், ஒரே வேதத்தை ஓதியோர் இவர்கள். விதி தெய்வத்தினுடையது என்றால், அது தெருவுக்குத் தெரு மாறுமா?

மறுப்பு எதிர்பாராத இடத்திலிருந்தும் வந்தது. 1890-இல் பம்பாயில் நாவிதர்கள் கூடி, இனிக் கைம்பெண்களின் தலையை மழிப்பதில்லை என்று முடிவெடுத்தனர். சாத்திரம் கற்றவர்கள் தயங்கி நின்றபோது, கத்தி பிடித்தவர்கள் அதைக் கீழே வைத்தது நம்மை வியக்க வைக்கிறது.

தமிழகத்தில் 1886-இல் பிறந்து, சிறுவயதிலேயே கைம்பெண்ணான சுப்புலட்சுமியின் தலையை மழிக்க அவர் தந்தை சுப்பிரமணிய ஐயர் இசையவில்லை. மகளைப் படிக்க வைத்தார். சென்னையில் கன்னியர் மடத்துப் பள்ளியிலும் பயின்ற அப்பெண், 1911-இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே இளம் கைம்பெண்களுக்காகப் பணி தொடங்கினார். நாடு அவரைச் 'சிஸ்டர் சுப்புலட்சுமி' என்றே அழைத்தது.

இதைச் சொல்லும் நாம் நம் வீட்டையும் பார்க்கவேண்டும். போரில் சிறைப்பட்ட பெண்ணின் தலையை மழிக்க இணைச்சட்ட நூல் கூறுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியார் நீண்ட கூந்தலைப் பெண்ணுக்குப் பெருமை என்றார். அவரே நேர்ச்சையின் பொருட்டுக் கெங்கிரேயாவில் தம் முடியை வெட்டிக்கொண்டார். நான்காம் நூற்றாண்டில் கங்கிரா நகரில் கூடிய சங்கம், தவத்தின் பெயரால் முடி களையும் பெண்களைச் சபித்தது. கூந்தல் அவளது கீழ்ப்படிதலை நினைவூட்ட இறைவன் தந்ததாம். ஆயினும் எகிப்திலும் சிரியாவிலும் மடத்துக் கன்னியர் முடி களைந்ததைப் புனித எரோணிமுஸ் குறிப்பிடுகிறார். 1212-ஆம் ஆண்டு குருத்து ஞாயிறு இரவில், இளம்பெண் கிளாரா வீட்டைவிட்டு வந்து அசிசி பிரான்சிசின் முன் தலைகுனிந்தார்; அவர் கூந்தலை பிரான்சிசே கத்தரித்தார். உறவினர் அவரைத் திருப்பி அழைக்க வந்தபோது, கத்தரிக்கப்பட்ட தலையையே கிளாரா விடையாகக் காட்டினார்.

நேர்ச்சையும் இன்றி, கட்டாயமும் இன்றி முடியிழக்கும் பெண்கள் இன்னொரு சாரார். புழு அரித்ததாகக் கருதிப் 'புழுவெட்டு' என்று நாம் பெயரிட்ட நோயில் புழு எதுவுமில்லை. உடலின் காப்பாற்றலே மயிர்க்கால்களைப் பகையெனத் தாக்குகிறது. அது தொற்றுநோயன்று, முடி மீண்டும் வளர்வதும் உண்டு. புற்றுநோய் மருந்தால் உதிரும் முடி, பெரும்பாலும் மருத்துவம் முடிந்த சில மாதங்களில் திரும்பிவிடும். மருத்துவர் இவ்வளவும் எடுத்துச் சொல்லலாம். எனினும் முக்காட்டை இறுக்கிக்கொண்டு கோவிலின் கடைசி வரிசையில் அமர்பவளிடம், "தலைக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்க நம்மில் பலருக்கு நா கூசுவதில்லை. பெண் பார்க்க வருவோர் பின்னலின் நீளத்தைக் கண்ணால் அளப்பதும் நின்றபாடில்லை. முடியிறக்கி வந்த பெண்ணுக்கு வழிவிட்டு ஒதுங்கும் அதே ஊர்தான் இது.